டேலி கோர்ஸ்: பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த ஊர் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் வந்து சேரும். "டேலி + ஜி.எஸ்.டி. 45 நாட்கள். சான்றிதழ் உண்டு. 100% வேலை உறுதி." எதிர்வரிசையில் ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடந்த அறைகள் பல ஊர்களில் இன்று கம்ப்யூட்டர் சென்டர்கள். பெஞ்சில் மகளும் பக்கத்தில் அப்பாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். "முழுப் பணத்தையும் இன்னிக்கே கட்டினா ரெண்டாயிரம் தள்ளுபடி சார்" என்கிறார் வரவேற்பில் இருப்பவர். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார்.

அந்தப் பணத்தைக் கட்டலாமா, வேண்டாமா? தமிழ்நாட்டில் வணிகவியல் படித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒருமுறையாவது எழுந்திருக்கும் கேள்வி இது. கட்டணம் சில ஆயிரங்களில் தொடங்கி முப்பது, நாற்பதாயிரம் வரை போகிறது. பல குடும்பங்களில் அது சேமிப்புப் பணம் அல்ல, அடகுக்குப் போன நகை. அதனால் இந்தக் கேள்விக்கு விளம்பரத்தில் பதில் தேடக் கூடாது. அந்த வேலை என்ன என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வேலை இருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஈரோடு ஜவுளிச் சந்தையைச் சுற்றியும், திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட் வாசல்களிலும், சிவகாசி அச்சகங்களிலும் "அக்கவுன்ட்ஸ் பார்க்க ஆள் தேவை. டேலி தெரிந்திருக்க வேண்டும்" என்ற அட்டைகள் தொங்குவதைப் பார்க்கலாம். 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, துண்டுச் சீட்டில் கணக்கு வைத்திருந்த கடைகளுக்கும் மாதா மாதம் ரிட்டர்ன் போட ஆள் வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினாலும், சேவை தருபவரின் வரவு 20 லட்சத்தைத் தாண்டினாலும் பதிவு கட்டாயம். ஓரளவு ஓடும் மளிகைக் கடைக்கே அது பொருந்திவிடும்.

இந்த வேலையின் மறுபெயராகவே ஆகிவிட்டது 'டேலி' என்கிற சொல். ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் தொழில் கணக்கைப் பார்க்க ஏற்ற மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் சொன்னார், மகன் எழுதினார். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய அந்த முயற்சிதான் பின்னாளில் டேலி ஆனது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கணக்கியல் படிக்காத வியாபாரியும் பழகிக்கொள்ளலாம் என்பதே அந்த மென்பொருளின் பலம். பயிற்சிக் கட்டணம் பற்றி யோசிப்பவர் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எளிதாகப் பழகலாம் என்று செய்யப்பட்ட ஒன்றைப் பழக இருபதாயிரம் எதற்கு?

எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். இந்த ஆறு பட்டன்களும் இரண்டு நாளில் விரலுக்குப் பழகிவிடும். கம்பெனி உருவாக்குவது, லெட்ஜர் திறப்பது, ஸ்டாக் ஐட்டம் போடுவது, எல்லாம் சேர்த்து இரண்டு வாரம். 45 நாள் கோர்ஸின் பெரும்பகுதி இந்தப் பட்டன்களோடு முடிந்துபோனால், கட்டிய பணத்தில் பெரும்பகுதி வீண்.

விழுப்புரத்துக்கு வந்த பில்

பட்டனுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை ஒரே ஒரு பில்லை வைத்துப் பார்த்துவிடலாம்.

விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரி மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து 60,000 ரூபாய்க்கு பெயின்ட் வருகிறது. 18 சதவீத வரி 10,800. மொத்தம் 70,800 ரூபாய். பில் மேசைக்கு வருகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் எஃப்9 தட்டுகிறார். கடைக்கு வரும் பெரும்பாலான பில்களைப் போல இதையும் உள்ளூர் பில் என்று நினைத்து, பார்ட்டியின் மாநிலத்தைத் தமிழ்நாடு என்று போட்டு லெட்ஜர் திறந்துவிடுகிறார். வரி மத்திய அரசின் சி.ஜி.எஸ்.டி. 5,400, மாநில அரசின் எஸ்.ஜி.எஸ்.டி. 5,400 என்று இரண்டாகப் பிரிந்து ஏறிவிடுகிறது. கூட்டினால் 10,800. மொத்தம் சரி. பற்றும் வரவும் சமம். ஐந்தொகையில் ஒரு பைசா இடிக்காது. மென்பொருளும் எதுவும் சொல்லாது.

ஆனால் அந்த எண்ட்ரி தவறு. பில்லின் தலைப்பில் விற்றவரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது. அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. டவுன் பஸ் தூரமாகத் தோன்றினாலும் சரக்கு யூனியன் பிரதேசத்தின் எல்லையைத் தாண்டி வந்திருக்கிறது. எனவே அது, வரி இரண்டாகப் பிரியாமல் ஒரே தலைப்பில் ஏற வேண்டிய ஐ.ஜி.எஸ்.டி. பில். இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய் வரையிலான சரக்குக்கு, வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் தேவையில்லை. மாநில எல்லை தாண்டினால் 50,000-க்கு மேலேயே தேவை. உள்ளூர்க் கொள்முதலிலேயே பழகிய கடை இந்த இடத்தில்தான் சறுக்கும். வண்டி வழியில் நிறுத்தப்படும்போதுதான் தெரியும்.

விஷயம் அதோடு முடியவில்லை. புதுச்சேரி வியாபாரி தன் விற்பனையை ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னில் காட்ட வேண்டும். காட்டினால்தான் மறுமாதம் 14-ம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் இந்த 10,800 தெரியும். அதில் இல்லாத வரியை விழுப்புரம் கடை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. தவறிக் கழித்துப் பயன்படுத்திவிட்டால் பின்னால் 18 சதவீத வட்டியோடு கட்ட நேரிடும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் புதுச்சேரிக்காரருக்குப் பணம் போய்ச் சேராவிட்டாலும் எடுத்த வரியைத் திருப்ப வேண்டும்.

ஒரு பெயின்ட் பில்லுக்குள் இவ்வளவு. கடைக்காரர் சம்பளம் கொடுப்பது இவற்றைக் கவனிக்கும் கண்ணுக்குத்தான். பார்த்து டைப் செய்யும் விரலுக்கு மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஐந்து கோடி விற்றுமுதலைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆனது. அந்த பில்கள் தாமாகவே ரிட்டர்னுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வங்கி அறிக்கையை அப்படியே மென்பொருளுக்குள் ஏற்றும் வசதியும் வந்துவிட்டது. 'எண்ட்ரி போடுபவர்' என்ற ஒரே தகுதியோடு சந்தைக்கு வருகிறவருக்கு இனி வழி குறுகலாகத்தான் இருக்கும்.

பழைய நோட்ஸ், புதிய சட்டம்

பயிற்சி நிலையம் தரும் ஸ்பைரல் பைண்டிங் புத்தகத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வரி விகிதப் பட்டியல். 5, 12, 18, 28 என்று நான்கு அடுக்கு போட்டிருந்தால் அதை மூடிவைத்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 12-ம் 28-ம் போய், பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்குள் வந்துவிட்டன. சில பொருட்களுக்கு மட்டும் 40. சிமென்ட் மூட்டையின் வரி 28-லிருந்து 18 ஆனது அன்றைக்குத்தான்.

சமீப காலத்தில் இந்தத் துறை மாறிய வேகம் சாதாரணமானது அல்ல. 2024 அக்டோபரில் சப்ளையரின் பில்லை ஏற்கவோ மறுக்கவோ வழி செய்யும் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் போர்ட்டலில் வந்தது. 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து, வரி கட்டும் ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-3பி-யில் தானாக நிரம்பும் விற்பனை வரியைக் கையால் திருத்த முடியாது என்று ஆனது. 1961-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறை. டி.டி.எஸ். என்றாலே பிரிவு 194சி, 194ஜே என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களும் புதிய பிரிவு எண்களைப் படித்தாக வேண்டும்.

2024 தொடக்கத்தில் ஜவுளி ஊர்களில் எழுந்த பரபரப்பு பலருக்கு நினைவிருக்கும். சிறு, குறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரவில்லை என்றால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி அப்போது அமலுக்கு வந்தது. மூன்று மாதக் கடனில் ஓடிப் பழகிய சந்தைக்கு அது பெரிய அடி. "எந்தெந்த பார்ட்டி சிறு தொழில்னு உத்யம் பதிவு வச்சிருக்காங்க, யாருக்கு எத்தனை நாள் பாக்கி?" என்று முதலாளிகள் கணக்காளரைத்தான் கேட்டார்கள். டேலியில் பாக்கிப் பட்டியலை நாள்வாரியாக எடுக்கத் தெரிந்தவர் அந்த மார்ச் மாதம் முதலாளிக்கு வலது கை. வெறும் வவுச்சர் போடப் பழகியவரிடம் அதற்குப் பதில் இல்லை.

இந்த மாற்றங்களைச் சொல்லித்தருபவர் யார் என்பதில்தான் கோர்ஸின் தரம் இருக்கிறது. போன மாதம் தன் கையால் ரிட்டர்ன் போட்டவர் வகுப்பெடுக்கிறாரா, அல்லது போன பேட்ச்சில் படித்து முடித்த மாணவரே இந்த பேட்ச்சுக்கு வாத்தியாரா? கட்டணத்தைக் கேட்கும் முன் இதைக் கேட்க வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு?

நிறையவே கிடைக்கிறது. தமிழ்நாடு பாடநூலின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடமே கணினிமயக் கணக்கியல் முறை, டேலிதான். புத்தகத்தை இணையத்தில் பைசா செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். டேலி பிரைமைக் கல்விப் பயன்பாட்டு முறையில் கட்டணமின்றித் திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே எண்ட்ரி போட முடியும் என்பதுதான் முக்கியக் கட்டுப்பாடு. பழகுவதற்கு அது போதும். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வணிகவியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். கல்லூரியில் படிப்பவர்களுக்கு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் வகுப்புகள் உண்டு. பலரும் மறந்துபோன ஒன்றையும் சொல்ல வேண்டும். தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கணக்கியலிலும் அரசுத் தேர்வு நடத்துகிறது. தெருமுனை நிலையத்தின் வண்ணச் சான்றிதழைவிட அந்த அரசுச் சான்றிதழுக்கு எடை அதிகம்.

எனவே பணம் கட்டும் முன் ஒரு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பெயரளவு, சொத்து, ஆள்சார் கணக்கு என்ற மூன்று விதிகளையும் மறுபடி படித்து, தெரிந்த கடை ஒன்றின் ஒரு மாத பில் கட்டை வாங்கி எண்ட்ரி போட்டுப் பார்க்கலாம். அந்த முப்பது நாளில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். எண்களோடு எட்டு மணி நேரம் உட்காரும் பொறுமை இருக்கிறதா என்பது ஒன்று. எந்த இடத்தில் தனக்குப் புரியவில்லை என்பது மற்றொன்று. அந்தப் புரியாத இடத்துக்குத்தான் காசு கொடுத்து ஆசிரியரைத் தேட வேண்டும். போட்ட எண்ட்ரி தவறு என்று சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். வீடியோ அதைச் செய்யாது. கட்டணப் பயிற்சிக்கு உண்மையான மதிப்பு அந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

வீட்டுக் கணக்கு

ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். கட்டணம் 20,000. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600. ஆக 23,600. கோர்ஸ் இல்லாமல் சேர்ந்தால் மாதம் 10,000, கோர்ஸோடு சேர்ந்தால் 12,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கூடுதலாகக் கிடைக்கும் 2,000-ல் கட்டணம் திரும்பி வர 12 மாதம் ஆகும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மூன்று மாதம் முழு நாளும் வகுப்புக்குப் போனதால் விட்டுப்போன சம்பளம் 30,000 இருக்கிறதே? அதையும் சேர்த்தால் 53,600. திரும்ப வர 27 மாதம். நகையை அடகு வைத்திருந்தால் வட்டி தனி.

அதே கோர்ஸை வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்தால் அந்த 30,000 கணக்கிலேயே வராது. மேலும், மாலையில் படித்ததைக் காலையில் கடையில் போட்டுப் பார்க்கலாம். முடிந்தவர்களுக்கு இதுவே சிறந்த வழி.

இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. ஊர்தோறும் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ் அல்லது டாக்ஸ் கன்சல்டன்ட் அலுவலகம். சம்பளம் குறைவு, வேலை கடுமை. ஆனால் அங்கே மாதம் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். 7-ம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 14-ம் தேதி 2பி ஒப்பீடு, 15-ம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ம் தேதி 3பி. 19-ம் தேதி இரவு போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும், மூன்று பார்ட்டி இன்னும் பில் கொண்டுவரவில்லை, தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம். எந்த வகுப்பறையும் இந்தப் பதற்றத்தைக் கற்றுத்தராது. செட்டிநாட்டு லேவாதேவிக் கடைகளில் பிள்ளைகள் கணக்கைக் கற்றது இப்படித்தான். பெரியவர் பேரேடு எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் சிறுவயதிலேயே உட்கார்ந்து, வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள்.

அந்த வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை என்பதும் உண்மை. கல்யாணத்துக்குப் பிறகு எட்டு வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் பி.காம் பட்டதாரியை எந்த ஆடிட்டர் ஆபீஸும் எளிதில் சேர்த்துக்கொள்வதில்லை. அவர் படித்தபோது வாட் இருந்தது, இப்போது ஜி.எஸ்.டி. அவருக்கு நல்ல கோர்ஸ் ஒன்று பாலம். தடுமாற்றம் போகும், பேச்சில் தெம்பு வரும். கணவர் அல்லது அப்பா நடத்தும் கடையின் கணக்கைத் தானே பார்க்க நினைப்பவருக்கும் கட்டணம் தகும். கற்றது மறுநாளே பயன்படும். கலைப் பாடம் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருபவருக்கும் தேவைதான். ஆனால் சி.ஏ. கனவில் இருப்பவர் இந்தப் பணத்தை ஃபவுண்டேஷன் தேர்வுக்கு வைத்துக்கொள்ளட்டும். பி.காம் படித்துக்கொண்டே ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேரமாக நுழைய வழி இருப்பவருக்கு இந்த கோர்ஸ் தேவையில்லை. வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் இலவச வழிகளிலேயே போகலாம்.

கையெழுத்துக்கு முன்

"100% வேலை உறுதி" என்ற சொல்லுக்கு வருவோம். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கட்டணம், பணம் திரும்பத் தரும் விதி, ஆசிரியர் தகுதி, வேலை வாய்ப்பு ஆகியவை பற்றிப் பொய் வாக்குறுதி தரக் கூடாது என்று அது சொல்கிறது. 50 மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்கள் அந்த வரையறைக்குள் வரும். சிறிய மையங்களும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே இல்லை. வேலை உறுதி என்கிறவரிடம், எந்த நிறுவனம், என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேட்கலாம். எழுதித் தர மறுத்தால் அந்த வாக்குறுதி இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை.

பணத்துக்கு ரசீதும் வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. சேர்த்து வாங்கினால் ரசீதில் அவர்களின் 15 இலக்க எண் இருக்க வேண்டும். அதை ஜி.எஸ்.டி. போர்ட்டலில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். வரியும் வாங்கிக்கொண்டு எண் இல்லாத வெள்ளைச் சீட்டை நீட்டும் இடத்தில் கணக்கு கற்றுக்கொள்ளப் போக வேண்டாம். சான்றிதழ் அந்த நிலையத்தின் லெட்டர்பேடில் வருகிறதா, டேலி நிறுவனமே நடத்தும் தேர்வின் வழியாக வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். விழுப்புரம் கடையின் அந்த பெயின்ட் பில்லை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விற்றவர் எண் 34-ல் தொடங்குகிறது, சரக்கு 60,000, வரி 10,800. பாடம் எடுக்கப்போகிறவரிடம் கொடுத்து, "சார், இதை எப்படிப் போடணும்? போடறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?" என்று கேளுங்கள். அவர் நேராக எஃப்9-ஐத் தட்டினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். எண்ணைப் பார்த்து, இ-வே பில் எங்கே என்று கேட்டு, 2பி-யைப் பற்றியும் பேசினால் அங்கே பணத்தைக் கட்டலாம்.